வெந்தயம் இருக்கட்டும் ஆச்சி, மாத்திரையை நிறுத்த வேண்டாம்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து 59 வயது ஆச்சி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வரக்கூடாது என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்கு வயது 66. பதினான்கு வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்தக் கொதிப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும். அது போக கொதிப்புக்கு டெல்மிசார்ட்டன், ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோகிரல், ஆஸ்பிரின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின். "மாத்திரை டப்பாவைக் கண்டாலே அவுகளுக்கு எரிச்சல் வருது டாக்டர்" என்கிறார் ஆச்சி.

இரண்டு மாதமாக வீட்டில் எல்லாம் மாறியிருக்கிறது. யூடியூபில் பார்த்து, போனில் பேசி வரவழைத்த பொடி ஒன்று: வெந்தயம், சிறுகுறிஞ்சான், கருஞ்சீரகம் கலந்தது. காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் இரண்டு ஸ்பூன். பதினோரு மணிக்குப் பாகற்காயும் நெல்லிக்காயும் அடித்த சாறு. இரவுக்குச் சோற்றுக்குப் பதில் கவுனி அரிசி. காபிக்குக் கருப்பட்டி, சமையலுக்கு இந்துப்பு. சிங்கப்பூரில் இருக்கும் மகள் அனுப்புகிற மஞ்சள் கேப்சூல் தினம் இரண்டு, மீன் எண்ணெய் கேப்சூல் ஒன்று. ஆச்சிக்குத் தைராய்டு உண்டு, மாத்திரை போடுகிறார். முழங்கால் வலிக்குத் தெரிந்தவர் கொடுத்த சூரணம் ஒன்றை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார். இரண்டே நாளில் வலி போய்விட்டதாம்.

பலனும் தெரிந்திருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 168-லிருந்து 112-க்கு வந்திருக்கிறது. ஆனால் இரண்டு தடவை கணவருக்குக் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்திருக்கிறது. ஒருமுறை பிள்ளையார்பட்டி போய்த் திரும்பும்போது காரில். இன்னொரு முறை விடியற்காலை மூன்று மணிக்கு. பொடி விற்றவரிடம் கேட்டதற்கு, "நஞ்சு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்று சொல்லியிருக்கிறார். சர்க்கரைதான் இறங்கிவிட்டதே, கிட்னியைக் கெடுக்கிற மாத்திரைகளை நிறுத்திவிடலாமா என்பது ஆச்சியின் முதல் கேள்வி. மற்றவை கீழே வரும்.

ஆச்சி, மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். முதலில் அந்த வியர்வை.

வெளியேறியது நஞ்சு அல்ல

உங்கள் கணவருக்கு இரண்டு தடவையும் வந்தது, பெரும்பாலும், தாழ் சர்க்கரை. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சு குழறுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, எல்லாம் ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போகும்போது வருபவை. அவர் போடுகிற மாத்திரையில் உள்ள கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு வருகிறதா இல்லையா என்று அது பார்க்காது. சிறுகுறிஞ்சானும் சர்க்கரையை இறக்கும். பாகற்காயும் இறக்கும். வெந்தயம் தன் பங்குக்கு, சாப்பிட்டதிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஒரே குழம்புக்கு மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் உப்புப் போட்ட கதைதான் இது.

பிள்ளையார்பட்டி நாளைப் பற்றி நீங்களே எழுதியிருப்பதைப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் பொடி, ஏழரைக்கு மாத்திரை, சதுர்த்திக் கூட்டத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகையில் மணி பத்தரை. பலகாரம் எதுவும் வயிற்றில் இல்லை. கிளிமிபிரைடு காலைச் சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை. பொடியே இல்லாமல் இருந்தாலும் அன்றைக்குச் சர்க்கரை இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

விடியற்காலை மூன்று மணி வியர்வைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தூக்கத்தில் இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கே தெரியாமல் போகலாம். ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கும் அது நல்லதல்ல.

இனி அப்படி வந்தால்: வீட்டில் மீட்டர் இருந்தால் குத்திப் பாருங்கள், இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் இரண்டு இட்லியோ ஒரு கை சோறோ சாப்பிட வேண்டும். கந்தரப்பம், சாக்லெட் கொடுக்க வேண்டாம்; நெய்யும் எண்ணெயும் சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கிவிடும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரையை நிறுத்தலாமா?

112 என்ற எண் எனக்கும் மகிழ்ச்சிதான். அதைக் கொச்சைப்படுத்த மாட்டேன். இரவுச் சோற்றைக் குறைத்ததும், மாலையில் கண்மாய்க்கரை வரை நடக்கத் தொடங்கியதும் (கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிய செய்தி) நிச்சயம் வேலை செய்திருக்கும். ஆனால் அந்த 112, மாத்திரையும் பொடியும் சாறும் நடையும் எல்லாம் சேர்ந்து வந்த எண். பொடி ஒன்றினால் வந்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அதைப் பார்த்து மருந்தைக் குறைக்க வேண்டியிருந்தால் முதலில் குறைய வேண்டியது கிளிமிபிரைடாகத்தான் இருக்கும். உங்கள் மருத்துவரே அதை மகிழ்ச்சியாகச் செய்வார். இடையில் அரை மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வீட்டிலேயே கணக்குப் போட வேண்டாம்.

மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்ற பயம் செட்டிநாடு முழுக்க இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லித்தான் நாற்காலியில் உட்காருகிறார்கள். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் கெடுவது பெரும்பாலும் கட்டுப்படாத சர்க்கரையாலும் ரத்தக் கொதிப்பாலும்தான். உங்கள் கணவர் போடுகிற டெல்மிசார்ட்டன் வகை மருந்தைச் சிறுநீரகத்தைக் காப்பதற்கென்றே கொடுப்பதும் உண்டு. மெட்ஃபார்மின் விஷயம் வேறு: சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாகிவிட்டால் அதன் அளவைக் குறைக்க வேண்டும், மிகவும் பலவீனமானால் நிறுத்த வேண்டும். அதற்குத்தான் வருடத்துக்கு ஒருமுறையாவது கிரியேட்டினின் பார்க்கிறோம். வலி மாத்திரைகளும் பெயர் தெரியாத பற்பங்களும் (உலோகம், தாதுக்களைச் சுட்டு நீறாக்கிய மருந்துப் பொடிகள்) சிறுநீரகத்துக்குச் செய்கிற கேடு பற்றி யாரும் என்னிடம் பயந்து பேசியதில்லை.

குளோபிடோகிரலும் ஆஸ்பிரினும் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்தவை. அவற்றை நீங்களாக நிறுத்துவது மாரடைப்பை விலைக்கு வாங்குவது. ஆனால் மூன்று வருடம் கழிந்தும் இரண்டும் தேவையா, ஒன்று போதுமா என்று இதய மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. பலருக்கு ஒரு கட்டத்தில் ஒன்றாகக் குறைப்பார்கள்.

மகள் அனுப்பும் மஞ்சள்

"மஞ்சள்தானே, தினமும் குழம்பில் போடுறதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். கேப்சூல் புட்டியின் படத்தையும் அனுப்பியிருந்தது நல்லதாயிற்று. ஒரு கேப்சூலில் 500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமினாய்டு (மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் வகைப் பொருள்), கூடவே மிளகுச் சாறு 5 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது. சமையல் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான் இருக்கும். கணக்குப் போட்டால், தினம் இரண்டு கேப்சூல் என்பது ஏறக்குறைய 30 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம். டீஸ்பூனில் பத்து. உங்கள் வீட்டில் ஆறு பேருக்கு வைக்கிற குழம்புக்கு அரை டீஸ்பூன் போடுவீர்களா?

அதோடு, மஞ்சள் சாதாரணமாகக் குடலில் அவ்வளவாக உறிஞ்சப்படாது. 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள், மிளகில் உள்ள பைப்பரினைக் கூடவே கொடுத்தால் ரத்தத்தில் சேரும் குர்குமின் இருபது மடங்கு கூடுவதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் கேப்சூல் கம்பெனிகள் மிளகுச் சாற்றைச் சேர்க்கத் தொடங்கின. பைப்பரின் குர்குமினோடு நிற்பதில்லை, வேறு சில மருந்துகளும் உடம்பில் அதிகமாகச் சேர வழி செய்கிறது. இப்படிச் செறிவூட்டிய மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை இத்தாலி, ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாருக்கும் வருவதில்லை, வந்தவர்களுக்குக் கண் மஞ்சளாகும் வரை தெரிவதும் இல்லை.

உங்கள் கணவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மருந்து ஏற்கெனவே ஓடுகிறது. குர்குமினும் மீன் எண்ணெயும் அதே திசையில் கொஞ்சம் தள்ளக்கூடியவை. முழங்கையில் காரணமில்லாமல் நீலம் பாரித்த தடம் இருப்பதாகவும், ஷேவ் செய்யும்போது பட்ட கீறல் நெடுநேரம் கசிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது மருந்துகளால் மட்டுமே இருக்கலாம். இருந்தாலும் மஞ்சள் கேப்சூலை இன்றோடு நிறுத்துங்கள், மீன் எண்ணெயை இதய மருத்துவரைக் கேட்கும் வரை தள்ளி வையுங்கள். மலம் தார் போலக் கறுத்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மகள் மனம் நோகும் என்று தயங்க வேண்டாம், இந்தப் பகுதியை அப்படியே அவருக்கு அனுப்புங்கள். குழம்பிலும் ரசத்திலும் பாலிலும் போடுகிற மஞ்சளுக்கும் மிளகுக்கும் எந்தத் தடையும் இல்லை.

என் நிலைப்பாடு இதுதான். அஞ்சறைப்பெட்டியிலிருந்து கை அளவில் எடுப்பது உணவு. அதையே காய்ச்சி, பிழிந்து, செறிவாக்கிக் கேப்சூலிலோ பொடியிலோ அடைத்தால் அது மருந்து. மருந்துக்கு உண்டான மரியாதையும் எச்சரிக்கையும் அதற்கு வேண்டும். இயற்கையானது என்பதால் வீரியம் இல்லை என்று ஆகாது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் போட்டுப் பாருங்கள். இனிப்பே தெரியாது, மணலை மெல்வது மாதிரி இருக்கும். ஒரு இலைக்கே அந்தச் சக்தி. அதனால்தான் சர்க்கரைக்கொல்லி என்று பெயர் வைத்தார்கள். அதைப் பக்கவிளைவே இல்லாத பொடி என்று ஒருவர் விற்றால் எப்படி நம்புவது?

கவுனி அரிசியும் கருப்பட்டியும்

கவுனி நல்ல அரிசி. தவிடு போகாமல் இருப்பதால் நார்ச்சத்து உண்டு. அந்தக் கருஞ்சிவப்பு நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது, நாவல்பழத்தில் இருப்பதும் அதே வகைதான். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்தால் அந்தச் சத்து வீணாகாது. ஆனாலும் அது அரிசி. நூறு கிராமில் எழுபது கிராமுக்கு மேல் மாவுச்சத்து. வெள்ளைச் சோற்றைவிடச் சற்று மெதுவாக ஏறும் என்பதற்காக இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் லாபம் கரைந்துவிடும்.

நீங்களோ அதில் பாதி நாள் தேங்காய், நெய், கருப்பட்டி போட்டுக் கிளறியிருக்கிறீர்கள்! அது கல்யாண வீட்டுக் கவுனி, ஆச்சி. கருப்பட்டியில் இரும்பும் வேறு தாதுக்களும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் அதில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு இரண்டுக்கும் இதே பதில்; தேனிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். இரவுக்கு ஒரு சின்னக் கிண்ணம் கவுனிச் சோறு, அதே அளவு கீரை மசியலோ பொரியலோ, தட்டைப்பயறோ மொச்சையோ முட்டையோ ஒன்று. இப்படி வைத்தால் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஆடிக்கு ஒரு உருண்டை கும்மாயம் சாப்பிடக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பிடட்டும். அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்ளட்டும்.

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. கொதிப்பைக் குறைக்காது, தானாக அயோடினும் அதில் சேர்ந்திருக்காது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. உப்புக்கண்டம், வத்தல், அப்பளம், ஊறுகாய் நாலும் ஒரே இலையில் விழுந்தால் எந்த உப்பைப் போட்டுச் சமைத்தாலும் கணக்குத் தாண்டிவிடும். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று வருவதில் பொட்டாசியம் கலந்திருக்கும். டெல்மிசார்ட்டன் போடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக்கூடாது.

உங்கள் முழங்கால் சூரணம்

கணவரைப் பற்றி மூன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, உங்களைப் பற்றி ஆறு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு வரியில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. லேபிள் இல்லாத டப்பா, இரண்டு நாளில் பறந்த வலி, மூன்று மாதத்தில் கூடிய எடை, "முகம் பூரிச்ச மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்றாக." தேய்ந்த மூட்டின் வலி இரண்டு நாளில் மாயமாக மறைந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இப்படி விற்கும் சூரணங்களில் ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டாக இருந்தால் இதைப் படித்த வேகத்தில் நிறுத்துவதும் ஆபத்து. மாதக்கணக்கில் வெளியிலிருந்து கிடைத்ததால் உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டை (கார்டிசால்) குறைத்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, கொதிப்பு இறங்குவது என்று வரலாம். இந்த வாரமே டப்பாவோடு ஒரு மருத்துவரைப் பாருங்கள். கொதிப்பு, சர்க்கரை, ரத்த கார்டிசால் பார்த்து எப்படி விடுவது என்று அவர் சொல்வார்.

தைராய்டு மாத்திரையை எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் மட்டும் போடுங்கள். காபிக்கு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் நான்கு மணி நேரம் தள்ளி. நீங்களும் அந்த வெந்தயப் பொடியை மாத்திரையோடு சேர்த்தே குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதன் கொழகொழப்பான நார் மருந்தைச் சரியாக உறிஞ்ச விடாமல் தடுக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

பொடிக்காரர் மேல் கோபம் வருகிறதா என்று கேட்டால், வருகிறது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. அந்தப் பட்டியலில் நீரிழிவு பெயர் சொல்லியே இருக்கிறது. சித்த மருந்தாக விற்றால் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், சேர்மானம் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். உணவுத் துணைப்பொருளாக விற்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். உங்கள் பொடிப் பையில் ஒரு போன் நம்பரும் ஒரு சாமி படமும் மட்டுமே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பையையும் பணம் அனுப்பிய ரசீதையும் பத்திரமாக வைத்து, சிவகங்கை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். வழக்கு, கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம், மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புவது அவர்கள் வேலை.

சித்த மருத்துவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, பட்டம் பெற்றுப் பதிவு செய்த மருத்துவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போனால் ஆங்கில மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள், எங்களிடம் வந்தால் அவர் கொடுத்ததைக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒளிக்காமல் இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

இனி என்ன செய்யலாம்

பொடியை நிறுத்துங்கள். பாகற்காயைச் சாறாக அடிக்காமல் பொரியலாகவோ பச்சடியாகவோ வைத்துச் சாப்பிடட்டும். நெல்லிக்காய் தினம் ஒன்று சாப்பிடலாம். ஒரு டீஸ்பூன் வெந்தயத்தை இரவில் ஊறவைத்துக் காலையில் மென்று சாப்பிடுவதில் தவறில்லை, மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். முருங்கைக்கீரை கேட்டிருந்தீர்கள்: தாராளமாகச் சமைக்கலாம், பொடியாக ஸ்பூன் கணக்கில் விழுங்க வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே-யோடு மோதும் அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து அவருக்கு இல்லாததால் கீரையில் கட்டுப்பாடு வேண்டியதில்லை.

நீங்கள் எழுதிய நீண்ட பட்டியலில் ஒன்று மட்டும் இல்லை. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். பாதம் மரத்துப்போவதை, செருப்பு நழுவுவது தெரியாமல் போவதைச் சர்க்கரையின் தலையில் போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். பதினான்கு வருடத்தில் ஒருமுறையும் பி12 பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. குறைந்திருந்தால் அதற்கு மாத்திரையோ ஊசியோ அவசியம், விலையும் பெரிதாக ஆகாது. அதோடு எச்பிஏ1சி, கிரியேட்டினின், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை நான்கையும் ஒரே ரத்தத்தில் எடுத்துவிடலாம். மருத்துவரைப் பார்க்கும் வரை தினமும் காலையிலும், முடிந்தால் இரவு படுக்கும் முன்பும் மீட்டரில் பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். நூறுக்குக் கீழே காட்டிய இரவில் வெறும் வயிற்றோடு படுக்க விடாதீர்கள். ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையிலேயே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.